சுவரில் கண்ணாடி போட்டிருந்தவள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் யார் படிப்பார்கள் என்று ஒரு தயக்கம். தன்னைத்தானே பீற்றிக்கொள்கிறாள் என்பார்களே என்பது அதைவிடப் பெரிய தயக்கம். போன வாரம் குற்றாலம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னதைக் கேட்டதும் இரண்டும் போய்விட்டன.

"கண்ணாடிக்காரி பேங்க் விளம்பரம் இருந்துச்சுல்லா, அது மெட்ராஸ் கம்பெனி ஐடியா. படிச்ச பொம்பளைன்னு காட்டத்தான் கண்ணாடி."

அந்நேரம் டிரைவர் சாமி படத்துக்குக் காட்டிய சூடத்தின் வாசம் வந்தது. சூடத்தில்தான் அந்தக் கதையே ஆரம்பித்தது.

அப்போது அந்தச் சேமிப்பு வங்கி தென்காசிக்குப் புதுசு. கடை மாடியில் ஓர் அறை. பெண்கள் படியேற மாட்டார்கள். காசை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தாலும் வைப்போமே தவிர, பேங்க் என்றால் ஆம்பிளைகள் சமாச்சாரம். நான் மட்டும் வெள்ளிக்கிழமை அருவியில் குளித்து, குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு, ஈரத்தலையோடு, காசு சேர்க்க பேங்கில் கொடுத்த தகர உண்டியலைத் தூக்கிக்கொண்டு போவேன். "அக்கா, உங்களைச் சுவத்துல வரைஞ்சா நாலு பொம்பளைங்க தைரியமா வருவாங்க," என்றார் மேனேஜர். சரி என்றேன்.

குற்றாலம் ரோட்டுச் சுவரில் ஆளுயரத்துக்கு வரைந்துவிட்டார் பெயிண்டர். விரித்த கூந்தல், பெரிய குங்குமம், கையில் உண்டியல். லட்சணமாகத்தான் இருந்தேன். நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

சீசன் வந்தது. வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி, உண்டியலோடு நிற்கும் அம்மன் என்று சூடம் கொளுத்த ஆரம்பித்தார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழம்கூட வைத்தாள். அம்மனுக்குச் சேர வேண்டியதை நான் வாங்குவதா?

என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு வாளியோடு கிளம்பினார்.

"ஏட்டி, ஊரு சிரிக்கு. அழிச்சிருதேன்."

"சூடம்தான் தப்பு. படம் என்ன பண்ணுச்சு? திருடிட்டா நிக்கேன்? என் காசத்தான போடுதேன்."

"அப்பம் சாமி குத்தத்துக்கு என்ன பண்ணுவ?"

வாளியை வாங்கி வாசலில் வைத்துவிட்டு நேரே பெயிண்டரிடம் போனேன்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு கண்ணாடி போட்டு விடுங்க."

"ஒனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே தாயி."

"எந்த அம்மன் மூக்குக்கண்ணாடி போட்டுருக்கா?"

சிரித்துச் சிரித்து அவர் கையில் தூரிகை நிற்கவில்லை. வாத்தியார் கண்ணாடி மாதிரி தடித்த கறுப்பு விளிம்பாக வரைந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். மறுநாளிலிருந்து யாரும் சூடம் கொளுத்தவில்லை. பெண்கள்தான் வந்தார்கள், கண்ணாடிக்காரி பேங்க் எது என்று கேட்டு மாடியேறினார்கள். பிறகு கீழப்பாவூர், சுரண்டை என்று கிளைகள் திறந்தார்கள். சுவர், காலண்டர், துணிப்பை எங்கும் அதே கண்ணாடிதான்.

"சொரண்டைக்குப் போனா அங்கனயும் நீ மொறைச்சிக்கிட்டு நிக்க," என்பார் வீட்டுக்காரர்.

இன்று அந்த வங்கி ஒரு பெரிய வங்கிக்குள் கரைந்துவிட்டது. பெயரும் இல்லை. சுவர் இருந்த இடத்தில் செல்போன் கடை. உண்டியல் தகரமும் துருப்பிடித்து எங்கோ போயிற்று. போகட்டும். கண்ணாடியை மட்டும் மெட்ராஸுக்கு விட்டுத்தர மாட்டேன். யாரிடமாவது சொன்னால் சூடம், எலுமிச்சம்பழம், சுண்ணாம்பு வாளி எல்லாவற்றையும் சேர்த்து இப்படியே சொல்லுங்கள். என்னைப் படித்தவள் ஆக்கிவிடாதீர்கள். அம்மன் புண்ணியத்தில் கண் இன்றும் நன்றாகத் தெரிகிறது. கண்ணாடி இல்லாமல்தான் இதை எழுதினேன்.