மேற்கே பார்த்த அடுப்பு

பங்குனியில் குற்றாலத்துக்குப் போகிறோம் என்றதும் ஆபீஸில் சிரித்தார்கள். அருவியில் தண்ணீர் இருக்காது என்று எனக்குத் தெரியாதா? பத்து வயது மகள் கோமதிக்குப் பரீட்சை முடிந்திருந்தது. அவள் கேட்டது அருவியை அல்ல. தாத்தாவின் அப்பா எந்த இடத்திலிருந்து மும்பைக்குக் கிளம்பினாரோ அங்கே போய் நிற்க வேண்டுமாம். ஒரு வருடமாக என் உயிரை வாங்கினாள். என் அப்பா மும்பையிலேயே பிறந்து போன வருடம் இறந்தவர், ஊரைப் பார்த்ததே இல்லை. எப்போது கேட்டாலும் "நமக்கு குத்தாலம்லா" என்பதோடு சரி.

திருநெல்வேலி வரை ஒரு ரயில், அங்கிருந்து காலை ஏழு மணி வாக்கில் பாசஞ்சர், இரண்டு மணி நேரத்தில் தென்காசி. குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். மெயின் அருவியில் பாறை மட்டும் ஈரமாக இருந்தது. லாட்ஜுகளையும் நேந்திரம் சிப்ஸ் கடைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம வீடு எங்கப்பா இருந்துச்சு?" என்றாள் கோமதி. எங்களைக் கூட்டி வந்த ஆட்டோக்காரரிடமே விசாரித்தேன்.

ஆட்டோக்காரர் சிரித்தே விட்டார். "வெளியூர் போனவிய எல்லாரும் குத்தாலம்னுதான் சார் சொல்லுவாவ. சின்ன ஊரு பேரச் சொன்னா எவனுக்குத் தெரியும்? எனக்கு ஆய்க்குடி. துபாய்ல இருக்கும்போது நானும் குத்தாலம்தான். அது கெடக்கட்டும், உங்க குலசாமி எந்த சாஸ்தா?"

"குளக்கரை சாஸ்தா" என்றாள் கோமதி பட்டென்று. ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அப்பா எங்கள் மும்பை ஃபிளாட்டில் பொங்கல் வைப்பார். அதிலும் ஒரு கூத்து. ஊர் உலகமெல்லாம் கிழக்கே பார்த்துப் பொங்கல் வைக்கும். அவர் மட்டும் அடுப்பை மேற்கே திருப்புவார். கேட்டால், "எங்கப்பா அப்படித்தான் வச்சாரு." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அச்சன்புதூர் பக்கம் அந்தப் பேருல ஒன்னு இருக்கு சார். நாளைக்கு உத்திரம்லா, எங்க இருந்தாலும் அவிய அவிய சாஸ்தாவுக்கு வந்துருவாவ. போய்க் கேட்டுப் பாப்போம்."

மறுநாள் எட்டு மணிக்கு அதே ஆட்டோ, தென்காசியிலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். வயலுக்கு நடுவே குளம், கரையில் சின்னக் கோயில், குடும்பம் குடும்பமாகப் பொங்கல். புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. என் தாத்தா பெயர் மாடசாமி என்று சொன்னேன். "மாடசாமியா? அந்தா நிக்கிற மூணு பேருமே மாடசாமிதான்" என்று சிரித்தார்கள். கோமதியின் முகம் வாடிவிட்டது.

வெயிலுக்கு ஒதுங்கிப் புளியமரத்தடியில் உட்காரப் போனாள். பக்கத்தில் பானையைக் கிண்டிக்கொண்டிருந்த அக்கா அதட்டினார். "ஏட்டி, அங்கன உக்காராத! அது பம்பாய்க்காரவிய எடம்."

ஒவ்வொரு வீட்டுக்கும் பொங்கல் வைக்க அங்கே ஓர் இடம் உண்டாம். வராதவர்களின் இடத்தில் வேறு யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்களாம். கோமதி குனிந்து புல்லை விலக்கினாள். மூன்று கல்.

"அப்பா, இது மேற்கே பாத்து இருக்கு!"

கிழக்கே புளியமரத்து வேர் கல்லை ஒட்டிப் புடைத்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பக்கம் விறகு வைக்க வழியே இல்லை.

"வேரு மறிக்குல்லா? மேக்க பாத்துப் பொங்கல் விடுதது அவிய மட்டுந்தான்" என்றார் அக்கா.

"எங்க தாத்தாவும் அப்படித்தான் வைப்பாரு!" கோமதி போட்ட சத்தத்தில் கோயிலே திரும்பிப் பார்த்தது.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "பம்பாய் மாடசாமி வகையறாவா நீங்க? அப்ப நான் உங்களுக்கு மதினி முறைல்லா!"

நான் அழுதுவிட்டேன். இத்தனை பேர் முன்னால் வெட்கமே இல்லாமல் அழுதேன். அப்பா இருந்து இதைப் பார்த்திருக்கலாம்.

பானையும் அரிசியும் மதினியே தந்தார். புல்லைப் பிடுங்கி, மேற்கே பார்த்து அடுப்பு மூட்டினாள் கோமதி. பொங்கி வழிந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் பானைக்கு!

அருவிக் குளியல்தான் வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வாருங்கள். சொந்த ஊரைத் தேடுகிறவர்கள் பங்குனி உத்திரத்துக்கு வாருங்கள். கிளம்பும் முன் வீட்டில் சாமியின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். பானையும் எடுத்து வந்துவிடுங்கள், எல்லோருக்கும் மதினி கிடைக்க மாட்டார்.

புறப்படும்போது கோமதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் இடத்துக்கு வடக்கே, வாய்க்கால் ஓரமாக, புல்லுக்குள் இன்னும் மூன்று கல். "அது கொழும்புக்காரவிய எடம்" என்றார் மதினி. அந்த வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் வாருங்கள். கல் அப்படியேதான் கிடக்கிறது.