மழை வந்தால் வீட்டைப் பூட்டு

புவனேஸ்வரிக்கு மழை பிடிக்காது. துணி காயாது, சளி பிடிக்கும் என்று நாமெல்லாம் அலுத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி இல்லை. வானம் கறுத்தாலே அவளுக்குப் பயம்.

அவள் அப்பா செல்லமுத்து, மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொத்தனார். மழை பெய்தால் கட்டட வேலை கிடையாது. ஊரில் மற்ற கொத்தனார்கள் எல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். இந்த மனுஷன் மட்டும் காலையிலேயே குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியைப் போட்டு அடித்தார். கன்னத்தில் ஒன்று வைக்கிற அடி இல்லை. ஓர் ஐப்பசி அடைமழையில் மண்வெட்டிக் காம்பால் போட்ட போட்டில் புஷ்பவல்லியின் இடது மணிக்கட்டு உடைந்து, கோணலாகவே கூடிக்கொண்டது. இன்னொரு மழைக்குத் தோட்டோடு சேர்த்துக் காது கிழிந்தது. மறுநாள் வெயில் அடித்ததும் ஒரு சத்தியத்தைப் பண்ணிவிட்டு, அவர் பாட்டுக்குச் சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

அதனால் இடி இடித்தால் போதும், சின்னப் பெண் புவனேஸ்வரி எழுந்து அரிவாள்மனை, உலக்கை, விறகுக் கட்டை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் வேலி ஓரம் ஒளித்துவைப்பாள். வெறும் கையால் அடித்தால் அம்மா சாக மாட்டாள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. மற்ற பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்ட வயசு அது.

வளர்ந்ததும் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அறிவரசன், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். கூத்தைப் பாருங்கள்! அப்பனிடமிருந்து தப்பி வந்தவளுக்கு வாய்த்தவனும் மழை பெய்தால் வேலை இல்லாதவன்.

கல்யாணம் ஆன பிறகு வந்த முதல் மழையில் அவனுக்கு வெங்காய பஜ்ஜி ஆசை வந்தது. வெங்காயம் நறுக்க அரிவாள்மனையைத் தேடினான். காணோம். வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடியதில், குளியலறைக்குப் பின்னால் காலி பெயிண்ட் டப்பாவுக்குள் இருந்தது. கூடவே இட்லிக் கரண்டியும் சப்பாத்திக் கட்டையும். "என்னா புவனா இது?" என்று சிரித்தபடி கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். அவள் அடுப்படி மூலையில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள்.

அவனுக்குச் சிரிப்பு செத்துப்போனது. திரும்பிப் போய்க் கட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான்.

"கெளம்பு" என்றான். "மழ வுட்டப்புறம் வூட்டுக்கு வரலாம்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மழை வந்தால் வீட்டைப் பூட்டு, ஜோடியாகக் கிளம்பு. மழை என்றால் அன்றைக்குக் கூலியும் கிடையாதே, அதனால் காசில்லாமல் எப்படிச் சுற்றுவது என்பதில் அந்த இரண்டு பேரும் பெரிய கில்லாடிகள் ஆனார்கள். டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை. அவன் ஒருத்தனுக்கு எடுத்தால் போதும், ஜன்னல் சீட்டில் அவளை உட்காரவைத்து மாவட்டத்தையே காட்டிவிடுவான். அரியலூர் ஸ்டேஷன் வாசலில் நின்று, ரயிலை விட்டு இறங்கி ஓடுகிறவர்களில் யார் மாமியார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று பந்தயம் கட்டுவார்கள். ஃபர்னிச்சர் கடையில் ஒவ்வொரு சோபாவாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வூட்டுல அளவு எடுத்துட்டு வரோங்க சார்" என்று நழுவுவார்கள். இருந்ததே ஒற்றை அறை வீடு! ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் ஒதுங்கியிருக்கிறார்கள். ஒரு வாழைக்காய் பஜ்ஜியைப் பிய்த்து, பெரிய பாதி யாருக்கு என்று நடுரோட்டில் சண்டை போட்டிருக்கிறார்கள். மழையில் சிரிக்கலாம் என்பதையே அவள் அப்போதுதான் கற்றுக்கொண்டாள்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் சிரித்து ஓய்ந்ததும் அம்மா ஞாபகம் வந்துவிடும். உடனே போன் போடுவாள்.

"வந்துடும்மா எங்கூட."

"நான் வந்துட்டா அந்தாளுக்கு யாரு ஆக்கிப் போடுறது? போனை வையிடி."

போன கார்த்திகையில் விடாத மழை. இருவரும் கங்கைகொண்டசோழபுரம் கோயில் மண்டபத்தில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது போன் அடித்தது. அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை அத்தை.

"புவனா, ஒங்கப்பன் இன்னைக்குக் கொன்னுப்புடுவான் போலருக்குடி. கதவச் சாத்திக்கிட்டு அடிக்கிறான்."

இன்றைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வராவிட்டால் அடுத்த மழைக்குப் பிணத்தைத்தான் பார்க்க வேண்டும். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ரோட்டில் வந்த லோடு ஆட்டோவை மறித்து ஏறினார்கள்.

அறிவரசன் தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். செல்லமுத்து, பெண்டாட்டியின் தலைமுடியைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். கையில் மண்வெட்டிக் காம்பு. தரையெல்லாம் ரத்தம்.

"மாமா, வுடுங்க!" என்று பாய்ந்த மருமகன் விலாவில் விழுந்தது முதல் அடி. ஆள் சுருண்டு விழுந்தான். விழுந்தவன் முதுகில் இன்னொன்று.

சுவரில் மட்டப்பலகை சாய்ந்திருந்தது. பூச்சு வேலையில் சுவரை நிரவுகிற நீளப் பலகை. புவனேஸ்வரி அதை எடுத்தாள். முதல் வீச்சு தோளில் இறங்கியது, காம்பு கை நழுவி உருண்டது. இரண்டாவது முழங்காலில். அவர் விழுந்தார். அவள் நிறுத்தவில்லை. முதுகில், தொடையில், தடுத்த கையில் மாறி மாறிப் போட்டாள். ஒரு பல் தெறித்து அடுப்புப் பக்கம் போனது. அடிக்க அடிக்க அவளுக்கு இனித்தது. இனிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

"புவனா, போதும்!" என்று அறிவரசன் கத்தினான். காதில் விழவே இல்லை. பலகையை அவர் தலைக்கு நேராக ஓங்கினாள்.

அப்போது அவள் நெற்றியில் மடேர் என்று ஓர் அடி விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிரே அம்மா. கோணல் கையில் அதே மண்வெட்டிக் காம்பு.

"எம் புருசனக் கொல்லவாடி வந்த? எம் புருசன!"

புவனேஸ்வரி பலகையைக் கீழே போட்டாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. என்னைப் பெற்றவளா இது என்றுதான் நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்?

தரையில் கிடந்த செல்லமுத்து வாயெல்லாம் ரத்தமாகச் சிரித்தார்.

"அப்புடிப் போடுடி எஞ் செல்லம்! இவதாண்டா எம் பொண்டாட்டி! இன்னொன்னு வையி அவளுக்கு!"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் பாராட்டு அது. செல்லமாம்! புஷ்பவல்லி அவரைப் பார்த்தாள். கையில் இருந்த காம்பைப் பார்த்தாள். மகள் முகத்தில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தாள்.

"வையிடீங்கறேன்!" என்றார் அவர்.

அவள் காம்பை வாசலில் வீசி எறிந்தாள். "எந்திரிங்க மாப்ள" என்று அறிவரசனுக்குக் கை கொடுத்துத் தூக்கினாள். மகளின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு நடந்தாள். செல்லமுத்து தவழ்ந்து வந்து அவள் கணுக்காலை எட்டிப் பிடித்தார். "எங்கடி போற? ஏய்!" அவள் குதிகாலால் அந்தக் கையை ஒரு மிதி மிதித்தாள். விரல் நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் போட்ட கூச்சலுக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் குடையோடு ஊரே நின்றது. இத்தனை வருஷமாக எங்கே போயிருந்தார்களோ, பாவிகள்!

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அறிவரசன் விலாவைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் மூச்சு வாங்கினான். பின்சீட்டில் அம்மா முந்தானையைச் சுருட்டி மகளின் நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்தாள். துணி நனைந்ததும் வேறு பக்கம் மடித்து அழுத்தினாள்.

"ரொம்ப வலிக்குதாடி?"

"வலிக்குதும்மா."

"இனிமே அடிக்க மாட்டேன் சாமி. சத்தியமா அடிக்க மாட்டேன்."

ஒவ்வொரு மழைக்கும் மறுநாள், போதை இறங்கியதும், செல்லமுத்து சொல்கிற வார்த்தையும் இதேதான். ஓர் எழுத்துகூட மாறாது. புவனேஸ்வரி அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.