நெற்களத்தில் ஒரு சங்கத் தேர்தல்

அவித்த நெல்லுக்கு ஒரு வாசனை உண்டு. ஊறிய உமியும் ஆவியும் லேசான புளிப்பும் கலந்த அந்த வாசனையை அரிசி ஆலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் புரியாது. என் அம்மாவின் தலைமயிரில், முந்தானையில், சாப்பாட்டுத் தூக்கில்கூட அது ஏறியிருந்தது; ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டு அலசினாலும் திங்கட்கிழமை சாயந்திரத்துக்குள் திரும்பி வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருத்தி மூக்கைச் சுளித்ததற்காக அவளைக் கிள்ளிவைத்துவிட்டு, பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறேன். இன்றும் யாராவது அதை நாற்றம் என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்தது. கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போக வேண்டும். ஊருக்கு வெளியே, கரும்பு லாரிகள் போகிற சாலையோரம் பெரிய அரிசி ஆலை ஒன்று இருந்தது. அதில் அப்பா மூட்டை தூக்கினார். அம்மாவும், அம்மாவின் தங்கை செல்விச் சித்தியும் களத்து வேலை செய்தார்கள். களத்து வேலை என்றால், அவித்துக் கொட்டிய நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, வெயிலில் காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டு, காய்ந்ததும் பலகையால் இழுத்து ‘அம்பாரமாக’க் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவது. சொல்வதற்கு இவ்வளவுதான்; செய்கிறவர்களின் உள்ளங்காலைப் பார்த்தால்தான் மிச்சம் தெரியும்.

பாதி காய்ந்த நெல் மழையில் நனைந்தால் புளித்துப்போகும், அரிசி கறுத்துவிடும். அதனால் மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் கொஞ்சம் இருட்டினாலே போதும், “மானம் கட்டிக்கிச்சு” என்று யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள். சோற்றில் கை வைத்திருந்தவள் கையை உதறிவிட்டு ஓடுவாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிள்ளையைப் பக்கத்தில் இருப்பவர் மடியில் போட்டுவிட்டு ஓடுவாள். மேஸ்திரி ஏவ வேண்டியதில்லை, முதலாளி அதட்ட வேண்டியதில்லை. அந்தக் குரல் காதில் விழுந்தால் கால் கிளம்பிவிடும், அவ்வளவுதான்.

ஆலையில் ஒரு சங்கம் இருந்தது. மூட்டைக்காரர்கள் ஆரம்பித்தது, பிறகு களத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மே தினத்துக்கு முட்டாய் கொடுப்பார்கள், ஊர்வலம் போகும்போது முன்வரிசையில் நிற்கச் சொல்வார்கள், கூட்டத்துக்குக் கூப்பிடுவதை மட்டும் மறந்துவிடுவார்கள். சங்கத் தேர்தலுக்குச் சீட்டு, பெட்டி எதுவும் கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் குடோன் நிழலில் உட்கார வேண்டும். நிற்கிறவர்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, வேண்டியவர்கள் கையைத் தூக்க வேண்டும். எண்ணுகிறவர் சங்கத்து ஆளாக இருக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஆலை வாசலில் டீக்கடை போட்டிருந்த பாயை அழைத்து வருவார்கள். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வருவார். ஆண்களின் கையை விரலால் தொட்டு எண்ணுவார், பெண்களின் கையைத் தள்ளி நின்று சுட்டி எண்ணுவார். அவர் சொன்ன எண்ணிக்கைக்கு யாரும் மறுபேச்சு பேசியதில்லை.

நான் ஆறாவது படித்த வருஷம் சித்தியின் கை வெந்தது. ஆவியில் வெந்த நெல்லைத் தள்ளுவண்டியில் பிடிக்க அவள் குனிந்திருக்கிறாள். அவள் கையை எடுப்பதற்குள் மேலே நின்றவன் நெல் அவிக்கும் கொப்பரையின் கதவைத் திறந்துவிட்டான். கொதிக்கிற நெல்லும் தண்ணீரும் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கொட்டின. வலது கை. பெரியாஸ்பத்திரியில் புண்ணை ஆற்றினார்கள். ஆற ஆறத் தோல் சுருங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டே போயின. சீக்கிரம் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தால் விரல் விரியும், தள்ளிப்போட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் செலவை ஆலைதான் ஏற்க வேண்டும். ஆலையைக் கேட்கச் சங்கத்தால்தான் முடியும்.

செயலாளராக இருந்தவர் கோவிந்தன் மாமா. மூட்டைக்காரர், அப்பாவின் கூட்டாளி, எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறுகிறவர். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் முதலாளியின் அறைக்குள் நுழைந்ததும் அவர் குரல் இறங்கிவிடும். முதலாளி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று வாரா வாரம் வந்து சொன்னார். சித்தியின் விரல்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அம்மா ஒருநாள் அவரை நேராகப் பார்த்து, “நீங்க கேக்க மாட்டீங்கண்ணே. நானே நிக்கிறேன், நானே கேக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். சங்கத்தில் ஒரு பெண் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாமா சிரித்துக்கொண்டே போனார்; மறுநாளிலிருந்து சிரிக்கவில்லை. ஏனென்றால் ஆலையில் மூட்டைக்காரர்கள் கம்மி, களத்துப் பெண்கள் ஜாஸ்தி. அதுவரை அதை ஒருவரும் யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு அம்மா வீட்டில் உட்காரவில்லை. நைனார்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பெண்கள் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போய்த் தெருத் தெருவாக ஏறி இறங்கினாள். எனக்கு வீட்டுக்கு வீடு மோர் கிடைத்தது, அம்மாவுக்கு வீட்டுக்கு வீடு ஒரே பதில் கிடைத்தது: எங்கள் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் அக்கா. முதல் இரண்டு வீட்டில் தலையாட்டினாள். அடுத்த வீட்டில் அவளுக்குப் பொறுக்கவில்லை. “ஏண்டி, எந்தங்கச்சி வெந்து போனாளே, எவன கேட்டுக்கினு வெந்தா?” என்றாள். அந்தப் பெண் முறத்தில் இருந்ததைப் புடைத்து முடித்துவிட்டு, வருகிறேன் அக்கா என்றாள். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரியும் வருகிறேன் என்றாள். அப்படித்தான் ஒவ்வொருத்தியாகச் சேர்த்தாள்.

அப்பா முணுமுணுத்தபடியே இருந்தார். அவர் தினமும் கோவிந்தன் மாமாவோடு தோள் மாற்றி மூட்டை ஏற்றுகிறவர். ‘நடுவுல மாட்டிக்கினேன்’ என்பதைச் சோறு தின்னும்போதெல்லாம் சொன்னார். அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

சித்திக்கு வேறு கவலை. வலது கையைத் தூக்க முடியாது, இடது கையைத் தூக்கினால் அபசகுனமாகிவிடுமோ, ஓட்டு செல்லாமல் போய்விடுமோ என்று அரற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னை டீக்கடைக்கு அனுப்பியே கேட்டுவிட்டாள். பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, “எந்தக் கையா இருந்தா இன்னாம்மா, மனுசி கைதான? எண்ணிக்கிறேன்னு சொல்லு” என்றார். அன்றைக்குச் சித்தி வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளும் சிரித்தாள். வெந்த பிறகு அவள் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

தேர்தலன்று எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. சித்திக்குப் புடவைக் கொசுவத்தைச் செருகிவிட்டு, கட்டுப் போட்ட கை யார் மேலும் இடிக்காமல் பார்த்துக் கூட்டி வரும் வேலை எனக்கு. நாங்கள் போனபோது களம் முழுக்க நெல் பரப்பியிருந்தது. குடோன் நிழலில் ஒரு பக்கம் மூட்டைக்காரர்கள், மறுபக்கம் பெண்கள். அவ்வளவு பெண்களை ஒன்றாக உட்கார்ந்த நிலையில் நான் அந்த ஆலையில் பார்த்ததே இல்லை. அம்மா எதிரே நின்றாள், புடவைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது, பாவம், கோவிந்தன் மாமாவுக்கும் தெரிந்திருந்தது.

வழக்கப்படி பழைய செயலாளர் பெயரை முதலில் சொன்னார்கள். மூட்டைக்காரர்களின் கைகள் எழுந்தன. பாய் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டு போனார். பெண்கள் பக்கம் கிள்ளலும் சிரிப்புமாக இருந்தது. அடுத்தது தங்கள் முறை என்று சிலர் வளையலை முழங்கைக்கு ஏற்றி விட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் வெயில் மங்கியது. சிமெண்டுக் களத்தின் பளபளப்பு அணைந்தது. மேற்கே பார்த்தேன், மலை தெரியவில்லை, அந்த இடத்தில் கறுப்பாக ஏதோ ஏறி வந்துகொண்டிருந்தது. குளிர்ந்த காற்று ஒன்று வந்து உமியைக் கிளப்பியது.

“மானம் கட்டிக்கிச்சு” என்ற குரல் என் காதோரமாகக் கேட்டது. சித்தியின் குரல்.

அவளுக்கு அன்று அங்கே வேலைகூட இல்லை. கையைச் சுட்ட ஆலை, பார்க்கலாம் பார்க்கலாம் என்றே இழுத்தடித்த ஆலை, அந்த நெல் யாருடையது, அவளுக்கு அதில் என்ன? ஆனால் முதலில் எழுந்தவள் அவள்தான். நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். புடவை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. அவள் பின்னால் மொத்தப் பெண்களும் எழுந்து ஓடினார்கள். பலகைகள் தரையில் இழுபடும் சத்தம், தார்ப்பாய் உதறும் சத்தம். அம்மா குரல் கொடுத்தாள், கை தூக்கிவிட்டுப் போங்கள், ஒரு நிமிஷம்தான் என்று கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. களத்தின் நடுவில் சித்தி தார்ப்பாயின் ஒரு முனையை இடது கையால் பிடித்து, கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பாய் தயங்கி நின்றார். கொஞ்சம் பொறுக்கலாம், வந்துவிடுவார்கள் என்றார். கோவிந்தன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, “மணி அடிக்கப் போவுது பாய், லாரி நிக்குது. இருக்கறவங்கள எண்ணுங்க” என்றார். அதிலும் பொய் இல்லை. சாப்பாட்டு நேரம் முடிகிற தறுவாயில்தான் இருந்தது. அம்மா பெயரைச் சொன்னார்கள். அம்மா தன் கையைத் தூக்கினாள். மூட்டைக்காரர்கள் நடுவிலிருந்து இன்னொரு கை எழுந்தது, காய்த்துப்போன பெரிய கை, அப்பாவுடையது. கூட்டாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவர் இறக்கவில்லை. பாய் அதைத் தொட்டு எண்ணினார். அம்மாவின் கையைத் தள்ளி நின்று சுட்டினார். அப்புறம் காலியாகக் கிடந்த பெண்கள் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ண ஒன்றும் இல்லை.

அம்மா அழவில்லை. மணி அடித்தது. அவள் சுவரில் சாத்தியிருந்த ஒரு பலகையை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கி மற்றவர்களோடு நெல்லைத் தள்ளினாள்.

மழை பெய்யவில்லை. சிமெண்டில் காசு காசாக நாலு துளி விழுந்தது, அதோடு சரி. காற்று மேகத்தைத் திருக்கோவிலூர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பழையபடி வெயில் சுள்ளென்று அடித்தது. மூடிய தார்ப்பாயை விலக்கி, குவித்த நெல்லை மறுபடியும் பரப்பினார்கள். அப்போதுதான் ஒவ்வொருத்தியாகக் குடோன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி வாய்விட்டு அழுதாள். நைனார்பாளையத்துப் பெண் வந்து அம்மாவின் காலருகே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை, நெல்லை எட்டி உதைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சித்தி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “நாந்தான்க்கா மொதல்ல எழுந்தேன்.” அம்மா அவள் தோளை அணைத்துக்கொண்டு, “நெல்லு நனையும்னா எவடி ஒக்காந்துக்கினு இருப்பா? வுடு” என்றாள். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. கோவிந்தன் மாமா அந்த வாரமே முதலாளியிடம் போய்க் கேட்டார், நிஜமாகவே கேட்டார். பார்க்கலாம் என்ற பதில்தான் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் சித்தியின் விரல்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. பலகை பிடிக்க முடியாதவளை ஆலை திரும்பச் சேர்க்கவில்லை. அவளும் சித்தப்பாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். அவர் செங்கல் சுமந்தார், அவள் ஒற்றைக் கையால் ஆட்களுக்குச் சமைத்துப் போட்டாள்.

இப்போது கள்ளக்குறிச்சியே மாவட்டம். ஆலைகளில் நெல்லைக் காயவைக்க இயந்திரம் வந்துவிட்டது. மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் அதற்கு ஒன்றுதான். எங்கள் ஆலை இருந்த இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். பாயின் மகன் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கிறார். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கும் சங்கம் இருக்கிறது, தேர்தல் வருகிறது. கூட்டத்துக்கு வாருங்கள் என்றால் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டிவிட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரியும். எங்கள் களத்துப் பெண்களாவது வந்து உட்கார்ந்தார்கள்.

போன ஆடியில் சித்தியை ஆம்புலன்சில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது வலது கை விரியவில்லை. பெண்கள் மாற்றி மாற்றி முயன்று பார்த்துவிட்டு மணிக்கட்டோடு கட்டினார்கள். அம்மா அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த மடங்கிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு, தங்கையின் முகத்தைக் குனிந்து பார்த்து, இத்தனை வருஷமாக வீட்டில் பேசாத பேச்சைப் பேசினாள்.

“மழையாவது பெஞ்சிருக்கலாண்டி, செல்வி.”