பத்துக்கு ஒன்பது

கென்டக்கியில் லாரி ஓட்டி ஓய்ந்த ஆர்லிஸ், சனிக்கிழமைதோறும் தன் கார் ஷெட்டில் நண்பர்களான எங்களைக் கூட்டி வைத்து மலிவு விஸ்கிகளுக்கு மார்க் போடுவான். பாட்டிலைக் காகிதப் பையில் மறைத்து ஊற்றுவது அவன் மனைவி நெல்டா. ருசி பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே வாளியில் துப்புவோம்.

அவன் பிறந்த நாளுக்கு அவள் ஆசையாக வாங்கி வந்த விஸ்கியை வாயில் வைத்ததுமே துப்பினான். “பத்துக்கு ஒண்ணு. நாய்கூடக் குடிக்காதுடி!” நாங்களும் சிரித்துத் தொலைத்தோம்.

அடுத்த சனிக்கிழமை கடைசிப் பாட்டிலை ருசித்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“பத்துக்கு ஒன்பது! வாங்குனவனுக்கு விவரம் இருக்கு. இன்னும் ஊத்து.”

அவனுக்கு ஜால்ரா போட்டு நாங்களும் கோப்பையை நீட்டினோம். எல்லோரும் விழுங்கும்வரை நெல்டா காத்திருந்தாள்.

“போன வாரம் நீங்க வாளியில துப்புனதுதான் இது. எங்கே, இப்பச் சிரிங்க பாப்போம்.”