மாமியின் இடது கால்

போன வாரம் மந்தைவெளியில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் புது மின்சாரக் கார் ஒன்றுக்குப் பூசை போட்டார்கள். மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். ஓட்டியவர் வலது காலை லேசாக அழுத்தினார். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. நான்கு பழமும் ஒரே அளவில் நசுங்கின. கூட்டம் கலைந்த பிறகும் நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னாப்பா, ஜூஸ் போடப் போறியா?" என்றார் பூக்கார அம்மா. எலுமிச்சம்பழம் நசுங்குவதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் மெக்கானிக்கல் முடித்து மூன்று மாதம். எங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாமி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். என் மதிப்பெண் பட்டியலை அந்த வீட்டுச் சமையலறை வரை கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். மாமி கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, நாலாவது பேப்பரில் மட்டும் ஏன் குறைச்சல் என்று கேட்டாராம்.

மாமியின் மகன் ரகு, பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, அதன் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றி எழுதவைத்து இஞ்சின் சக்தியைக் கூட்டியிருந்தார். கூட்டியதைக் கிளட்சால் தாங்க முடியவில்லை. இஞ்சினையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற தட்டு அது. பிடி நழுவினால் இஞ்சின் கத்தும், வேகம் ஏறாது, ஒரு கருகல் வாசனை மட்டும் தாராளமாக வரும். "எம் பையன் இஞ்சினியருதான், அவன் பாத்து நல்லதா போட்டுக் குடுப்பான்" என்று அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று எழுத ஆசைதான். மறுத்திருக்க மாட்டேன்.

கிளட்ச் விற்பவர்களின் பட்டியலை மூன்று நாள் படித்தேன், அடிக்கோடு போட்டு. ஸ்டேஜ் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கிளட்சுகளை வரிசைப்படுத்தியிருந்தார்கள். ஒன்று, ஏறக்குறைய கம்பெனியில் வருவது போலத்தான், பிடி மட்டும் கொஞ்சம் கூடுதல். நான்கில் வட்டமான உராய்வுப் பட்டையே கிடையாது. பூவிதழ் போல ஆறு செராமிக் துண்டுகள், பிடித்தால் விடாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத வம்சத்தில் வந்தவன், நான்கு இருக்கும்போது ஒன்றில் போய் நிற்பானா? நெரிசலில் ஓட்டக் கடினமாக இருக்கும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்து பரீட்சைக்கு வராது என்பது கல்லூரிப் பழக்கம். ஆர்டர் படிவத்தில் 'பயன்பாடு' என்ற இடத்தில் 'ரேஸ் டிராக்' என்று டிக் அடித்தேன்.

ரகு டிராக்குக்குப் போவது வருஷத்துக்கு இரண்டு நாள். மற்ற நாட்களில் அவர் ஆபீஸ் பஸ்ஸில் போவார், காரை மாமி ஓட்டுவார். கணவர் போன பிறகு ஐம்பத்திரண்டு வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டவர். கோயில், மார்க்கெட், பாண்டி பஜார் எல்லாம் அவர் கையில்தான். பக்கத்து சீட்டில் என் அம்மா, மடியில் கூடையோடு. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அம்மா தினமும் ராத்திரி சோறு போடும்போது சொல்வாள். அம்மா பேசுவது அப்போதெல்லாம் எனக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

என்னோடு எட்டாவது வரை படித்த சாதிக்கின் ஷெட் மந்தைவெளியில் இருந்தது. கிளட்சை மாற்ற அங்கேதான் கியர்பாக்ஸை இறக்கினோம். நான் கையேட்டைப் படிக்க, அவன் போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கினான். புதுத் தட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இன்னா மச்சி இது, லாரிக்கா?" என்றான். மேம்படுத்தப்பட்ட தொழில்நுட்பம் என்று விளக்கினேன். "நீ சொன்னா சரி, படிச்சவன்" என்று மாட்டிவிட்டான். அவன் படிக்காதது அன்றைக்குப் பெரிய நஷ்டம். படித்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பான்.

மறுநாள் மாமி முறைப்படி கோயில் வாசலில் பழம் வைத்தார். இடது காலால் கிளட்ச் பெடலை மிதித்தார். இரண்டாம் முறை இன்னும் பலமாக மிதித்தார். காலை எடுத்ததும் வண்டி ஒரு ஆட்டுக்கிடா மாதிரி பாய்ந்து நின்றுபோனது. முன் சக்கரத்துப் பழம் ஒன்று நசுங்காமல் தெறித்து, செருப்புக் குவியலுக்குள் போய் விழுந்தது. குருக்கள் அதையே பார்த்தார். "புதுசு இல்லையா, பழகிடும்" என்றேன் நான்.

பழகவில்லை. இப்போது அம்மா சொல்வது காதில் விழ ஆரம்பித்தது. "இன்னிக்கு லஸ் சிக்னலாண்ட மூணு வாட்டி நின்னுபோச்சு. பின்னாடி வந்த ஆட்டோக்காரன், இன்னா பாட்டிம்மா தவளை ஓட்டுறியான்றான்." அடுத்த நாள், "மாமி முட்டில தைலம் தேச்சுக்கினு கீறாங்க." அதற்கடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை விடியலில் காலிச் சாலையில் ஓட்டிப் பார்த்த ரகு, கார் பிரமாதம் என்று சொன்ன செய்தி. காருக்கு ஒன்றுமில்லை என்றால் கோளாறு யாரிடம்? "ஒனக்கு வயசாயிடுத்தும்மா, டிரைவர் வெச்சுக்கலாம்" என்றிருக்கிறார் மகன்.

"மாமி எந்திரிச்சுப் போனாங்க," என்றாள் அம்மா. "சாவியக் கொண்டுபோய் சாமி ரூம்ல மாட்டிட்டாங்க. பூ வேற வெச்சுட்டாங்க அதுக்கு."

ரசம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"மாமி கால் மேல தப்பு இல்லம்மா. நான் வேற கிளட்ச் போட்டுட்டேன். அது ரேஸுக்குப் போடறது."

அம்மா கரண்டியை வைத்தாள். "அப்ப அந்த வீட்ல நான் இன்னாத்த சொல்றது?"

"நான் வந்து சொல்றேன்."

"நீ வர வேணாம்," என்றாள். கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவினாள். பிறகு திரும்பாமலே, "அயர்ன் பண்ண சட்டை போட்டுக்கினு வா" என்றாள்.

அந்த வீட்டுக் கூடத்தில் நின்றபடி நான் சொன்னது என் வாழ்க்கையின் முதல் தொழில்நுட்ப அறிக்கை. பெடலுக்கு எவ்வளவு பலம் வேண்டும், செராமிக் ஏன் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்காமல் ஒரேயடியாகப் பிடிக்கும், நான் எதைப் படித்தேன், எதைப் படிக்கவில்லை, யார் ஓட்டுவார் என்று கேட்காதது. சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ரகு, "ஆனா டிராக்குக்கு அதுதானே பெஸ்ட்?" என்றார். ஆமாம் என்றேன். அதுதான் சிக்கல்.

மாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ என் காலு?"

"கால்ல ஒண்ணும் இல்ல மாமி."

நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது காலால் தரையை இரண்டு தரம் அழுத்திப் பார்த்துக்கொண்டார். மகன் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோ" என்றார். அப்புறம் என்னிடம், "நீயே வந்து சொன்னியோ, உங்கம்மா அனுப்பிச்சாளா?" நான் யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா, "அவனாத்தான் வந்தான் மாமி" என்றாள்.

திரும்ப கியர்பாக்ஸ் இறங்கியது. இந்த முறை ஸ்டேஜ் ஒன்று; கூட்டிய சக்திக்கு அதுவே போதுமானது என்று அதே பட்டியலின் அதே பக்கத்தில்தான் இருந்தது. "இன்னா நைனா, நாலாவதுலேர்ந்து ஒண்ணாவதுக்கு எறக்கிட்டாங்களா?" என்றான் சாதிக், காருக்கு அடியில் படுத்தபடி. ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கையேட்டை உரக்கப் படித்தேன், பொடி எழுத்தையும் சேர்த்து.

மாமி இரண்டாவது தடவையாகப் பழம் வைத்தார். குருக்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார். கார் அரிசி மாவில் விரல் இறங்குவது போல மெதுவாக நகர்ந்தது. பழம் நசுங்குகிற சத்தத்தை அதற்கு முன் நான் கவனித்ததில்லை. 'சப்' என்று ஒரு சின்னச் சத்தம். அம்மா முன் சீட்டில் கூடையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமி அதற்கப்புறம் ஆறு வருஷம் ஓட்டினார். பெங்களூருக்கு மாறிய மகன் வீட்டோடு போனபோது சாவியைப் பூவில்லாமல் அவரே எடுத்துக் கொடுத்தார். கார் கோயம்புத்தூர் பக்கம் யாரிடமோ போனது. அந்த வீடு இப்போது அடுக்குமாடி. சாதிக்கின் ஷெட் இருந்த இடத்தில் மெட்ரோ தடுப்புத் தகரம். அவன் பேட்டரி வண்டி சர்வீஸுக்கு மாறிவிட்டான், கையில் கிரீஸ் இல்லாமல் அவனை அடையாளம் தெரியவில்லை. அந்தக் கருகல் வாசனை சிக்னலில் எப்போதாவது ஒரு பழைய வேனிலிருந்து வரும், மூக்கைத் தூக்குவதற்குள் போய்விடும். ஆறிதழ்த் தட்டு மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா சூடான வாணலியை அதன் மேல்தான் இறக்கி வைப்பாள். ஸ்டேஜ் நான்குக்கு ஏற்ற வேலை.

மாமி வாரம் ஒரு தடவை அம்மாவுக்கு போன் செய்வார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்த அன்று நானே வாங்கிப் பேசினேன். ரகு மின்சாரக் கார் வாங்கியிருக்கிறாராம். கிளட்ச் கிடையாது, நீயே ஓட்டிக்கோ என்கிறாராம்.

"ஓட்டறீங்களா மாமி?"

"ஒத்தக் கால் போறும்மாங்கறான். எனக்கு ரெண்டு காலும் நன்னா இருக்குடான்னுட்டேன்."