வாசலில் வந்து கேட்டவள்

பேய், முனி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். குருநகரில் பிறந்து வளர்ந்தவள், கடலுக்குப் போன அப்பாவையும் பிறகு புருசனையும் எதிர்பார்த்துக்கொண்டு கிடந்த வீடு எங்களுடையது, அப்படிப்பட்ட வீடுகளில் ஆயிரம் கதை சொல்லுவார்கள், ஒன்றையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அது பட்டப்பகல், சுற்றிவர ஆட்கள், நான் கண்ணயரவும் இல்லை.

வாசுகியும் நானும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரே தையல்கடையில் பக்கத்துப் பக்கத்து மெசினில் இருக்கிறவர்கள். அவளுடைய ஊர் மீசாலை, புருசன் கட்டாரில். மகள் ஆரணி அப்போது நேர்சரிப் பிள்ளை. பிள்ளையின் வயிற்றில் ஒரு கட்டி, சிறுநீரகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டி எடுக்கத்தான் வேண்டும், பிள்ளை தாங்குமோ தெரியாது என்று டாக்குத்தர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். புருசனுக்கு லீவு கிடைக்கவில்லை. “நீ என்னோடை இரு ஜெசி, தனிய இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்” என்றாள். என் மகனை மாமியிடம் விட்டுவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் வல்வெட்டித்துறைப் பொடியன் ஒருவன், பெயர் கபில். குடலிறக்கம். சின்ன ஒப்பரேசன், அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவனுடைய தாய் சந்திரா அக்கா பெரிய சத்தக்காரி, வார்ட் முழுக்க அவவின் குரல்தான் கேட்கும். கொண்டுவந்த இடியப்பத்தில் எங்களுக்கும் பங்கு தந்தா, வாசுகி சாப்பிட மாட்டேன் என்று இருந்தபோது, “நீர் விழுந்தால் பிள்ளையை ஆர் பாக்கிறது? வாயைத் திறவும்” என்று ஊட்டியும் விட்டா. நம்புங்கள், அந்தக் கையால் வாங்கித்தான் வாசுகி அன்று சாப்பிட்டாள்.

காலையில் இரண்டு பிள்ளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கபில் தள்ளுகட்டிலில் இருந்தபடி எங்களுக்குக் கை காட்டினான். ஆரணி அழக்கூட இல்லை, தாயின் சட்டையைப் பிடித்திருந்த விரல்களை நேர்ஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தா.

தியேட்டர் வாசலுக்கு முன்னால் ஆட்கள் இருக்க நீளமான மரவாங்கு ஒன்று. ஒரு முனையில் சந்திரா அக்கா, மகனின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி நித்திரையாகிவிட்டா. பாவம், இரவு முழுக்க விழித்திருந்த மனுசி. மற்ற முனையில் வாசுகியும் நானும். நான் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன், வாசுகி நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். வெயில் யன்னலால் வந்து காலில் விழுந்துகொண்டிருந்தது, ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

அப்போதுதான் அவள் வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். நூல்சேலை, வடிவாக வாரிய தலை, எங்கேயோ கண்ட முகம் மாதிரி. பயப்படும்படி ஒன்றும் இல்லை, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வாசுகிக்கு முன்னால் குனிந்து, பால்ரீயா பிளேன்ரீயா என்று கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.

“ரெண்டு பிள்ளையள் உள்ளுக்கை. ஒண்டைத்தான் திருப்பித் தரலாம். ஆரின்ரை பிள்ளையை நான் எடுக்கிறது?”

யாரோ மனம் சரியில்லாத மனுசி என்றுதான் நினைத்தேன். “என்ன கதைக்கிறியள் நீங்கள்?” என்று கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வாசுகியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசுகி தலையை நிமிர்த்தினாள். அழவில்லை, திடுக்கிடவும் இல்லை. நித்திரையில் இருந்த சந்திரா அக்காவின் பக்கம் நாடியை நீட்டிக் காட்டினாள். அவ்வளவுதான்.

“வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ” என்றாள் அந்த மனுசி.

வாசுகி திரும்பிப் பார்த்தாள். வடிவாகத்தான் பார்த்தாள். வாய் திறந்து நித்திரை கொள்கிற அந்த முகத்தை, மடியில் இருந்த செருப்பை, எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு மறுபடியும் நாடியால் காட்டினாள், முதலில் காட்டியதைவிட அழுத்தமாக.

அந்த மனுசி சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு நேரே தியேட்டர் கதவால் உள்ளே போனாள். நான் எழும்பிக் கதவடிக்கு ஓடினேன். கதவோடு கதிரை போட்டு ஓர் அட்டென்டன் இருந்தார்.

“இப்ப உள்ளுக்குப் போன மனுசி ஆரண்ணை?”

“எந்த மனுசி? நான் உதிலைதானே இருக்கிறன் தங்கச்சி. ஒருத்தரும் போகேல்லை.”

நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினையுங்கள். நான் திரும்பி வந்து இருந்து, செபமாலையை முதல் மணியிலிருந்து மறுபடியும் தொடங்கினேன். கொஞ்சத்தால் டாக்குத்தர் வெளியே வந்தார். கபிலின் அம்மா யார் என்று கேட்டார்.

அவவை எழுப்பியது நான்தான். தோளில் கை வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி எழும்பினா. “முடிஞ்சுதோ? அவனுக்குச் செருப்புப் போட்டுவிடட்டே?” என்று கேட்டா.

ஒப்பரேசன் நல்லபடியாகத்தான் நடந்ததாம், முடிகிற நேரத்தில் பிள்ளையின் இதயம் நின்றுவிட்டதாம், ஏனென்று அவர்களுக்கே விளங்கவில்லையாம். அந்த டாக்குத்தரும் அழுதார். சந்திரா அக்கா போட்ட சத்தத்தை நான் சொல்ல மாட்டேன். வாசுகி காதைப் பொத்தவில்லை. தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள், தன்னுடைய பிள்ளை வருகிறதா என்று.

ஆரணி வந்தாள். கட்டி முழுதாக எடுத்தாயிற்று, இவ்வளவு சுலபமாக முடியும் என்று நாங்களே எதிர்பார்க்கவில்லை என்றார்கள் டாக்குத்தர்மார்.

பின்னேரம் சந்திரா அக்கா பையை எடுக்க வார்ட்டுக்கு வந்தா. குரல் முழுக்க அடைத்துப்போயிருந்தது. ஆரணியின் தலையைத் தடவி, “நீயாவது தாய்க்கு மிஞ்சினாய் மோளே” என்று சொல்லி, மகனுக்கென்று வாங்கி வைத்திருந்த பிஸ்கற் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனா. வாசுகி, “பெரிய உபகாரம் அக்கா” என்றாள். பிள்ளை சாப்பிடலாம் என்று சொன்ன நாள் அந்தப் பிஸ்கற்றைத்தான் தேநீரில் தோய்த்துத் தோய்த்துக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்டேன். “வாசுகி, ஆரடி அந்த மனுசி?”

“எந்த மனுசி?”

“வாங்கிலை இருக்கேக்கை உன்னட்டை வந்து கேட்டவள்.”

“உனக்கென்ன விசரே? ஒருத்தரும் வரேல்லை. நித்திரை முழிச்சது உனக்கு ஒத்துக்கொள்ளேல்லை, வீட்டை போய்ப் படு” என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத்தான் ஏதோ கண் மயங்கிவிட்டது, பாவம் வாசுகி, அவளைப்போய் அப்படி நினைத்தேனே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆரணி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், ஓட்டத்தில் பரிசெல்லாம் எடுக்கிறாள். வாசுகியும் நானும் இன்னும் பக்கத்துப் பக்கத்து மெசின்தான்.

இது இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். என் மகன் அன்ரனுக்குத் தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது, வெட்ட வேண்டும் என்று போன கிழமை சொன்னார்கள். பயப்பட ஒன்றுமில்லையாம். புருசன் கடலுக்குப் போனால்தான் எங்களுக்கு அடுப்பெரியும், ஆஸ்பத்திரியில் நான் தனியத்தான் நிற்க வேண்டும். வாசுகி கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டாள், தோடம்பழப் பையோடு.

“நான் வாறன் ஜெசி. அண்டைக்கு நீ எனக்கு இருந்தனி, நான் உனக்கு இருக்கமாட்டனே?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தேநீரைக் குடித்து முடித்தாள், கோப்பையைக் கீழே வைத்தாள், குசினிக்குள் மாமி நிற்கிறாவா என்று ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லமாகச் சொன்னாள்.

“அவ வந்து கேட்டால் நீ வாய் திறவாதை. உனக்கு இரக்கம் கூட. நான் சொல்லுறன்.”

நாளைக்கு அவனை வார்ட்டில் சேர்க்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் யாருடைய பிள்ளை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாதாவாணை, அவள் அப்படிச் சொன்னதும் நான் வாயைத் திறந்தது நீ வரவேண்டாம் என்று சொல்லத்தான். “ஓம், வா” என்றுதான் வந்தது.