மயில் பாடத்தில் ஒரு இருமல்

ஒரு பிள்ளையால் வாசிக்க முடியவில்லை என்றால் குசும்லதா குடையை விரித்துவிடுவார். வெயிலும் இருக்காது, மழையும் இருக்காது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே அந்தக் கறுப்புக் குடை வந்து நிற்கும். பிள்ளையின் முகம் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். ஏன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. பேலாட்டோலா கிராமத்தில் ராம்பரிதான் அதைக் கவனித்தாள்.

குசும்லதாவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கோசி ஆற்றுக்கு அக்கரையில் வீடு. கணவரை ஒரு வெள்ளத்தில் பறிகொடுத்தவர். வருடத்தில் இரண்டு வாரம், கையில் வாசிப்பு அட்டையோடு வீடு வீடாக வந்து பிள்ளைகளைச் சோதிப்பது அவர் வேலை. குறிக்கும் தாளில் இரண்டு பத்தி இருக்கும்: ஒன்று சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மற்றது தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு. எழுத்துத் தெரியுமா, சொல் தெரியுமா, கதை வாசிக்குமா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதுவார். சாமி பெயரைச் சொல்லாமல் பென்சிலை எடுக்கமாட்டார்.

ராம்பரி சர்க்கார் பள்ளியில் மதியச் சோறு ஆக்குகிறவள். அவள் மகள் ஜுஹி படித்ததோ திகம்பர் மாஸ்டரின் தனியார் பள்ளியில். அடுத்த வீட்டு சுகியா சும்மா விடுவாளா?

"சர்க்கார் அடுப்புல வேகறவ, பொண்ணுக்கு மட்டும் டை கட்டி அங்க அனுப்புறா பாரு!"

"எம்பொண்ணு வெள்ளம் மாதிரி வாசிப்பாடி. உன் எருமைகிட்ட கேளு, அதுக்கே தெரியும்."

உண்மைதான். மூன்று வருடமாக அந்த வாசிப்பைக் கேட்டுத்தான் ராம்பரி கிழிந்த புடவையைத் தைத்துத் தைத்து உடுத்தினாள். மழைக்காலத்தில் திகம்பர் மாஸ்டர் நெஞ்சுச் சளி முற்றிக் காலமானார். பள்ளி நிற்கவில்லை. அவர் மைத்துனர் மணி அடிப்பார். பெரிய பிள்ளைகள் பாடம் சொல்ல, சின்னப் பிள்ளைகள் கூடவே சொல்லும்.

அந்த வருடம் குசும்லதா வந்த காலை, பனிமூட்டம் பால் ஊற்றியதுபோல இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு எருமையின் மூச்சு கேட்டது, எருமையைக் காணவில்லை. ஜுஹி வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"மயில் அழகான பறவை. மழை வந்தால் தோகை விரிக்கும்." இரண்டு முறை இருமினாள். "அதன் கழுத்து நீல நிறம். பின்னாடி யாரு நிக்கிறது? அதன் தலையில் கொண்டை உண்டு."

ராம்பரி சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பனிதான் நின்றது.

மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் ராம்பரி. இருந்தாலும் மகளின் தோளுக்கு மேலாக எட்டி, அட்டையின் முதல் வரியை எழுத்துக் கூட்டினாள். கு, ள, ம். குளம். அட்டையில் மயிலே இல்லை.

குசும்லதா அட்டையை வாங்கி, வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஜுஹியின் விரல் அந்த வெள்ளையின் மேல் இடமிருந்து வலமாக நகர்ந்தது. கண்ணும் கூடவே போனது. "மயில் அழகான பறவை." அதே இடத்தில் அதே இருமல். அதே இடத்தில், தொண்டை கரகரக்க, "பின்னாடி யாரு நிக்கிறது?"

அதைக் கேட்டு, அதே பள்ளியில் படிக்கும் சுகியா வீட்டுப் பெண் ரிங்கு பனிக்குள்ளிருந்து பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையும் சேர்ந்தது. முகம் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வீட்டிலிருந்து ஒரே மூச்சில் இரண்டு இருமல்.

வேடிக்கை பார்த்து நின்ற சுகியாவின் சிரிப்பு நின்றுபோனது. "ராம் ராம்... இது மாஸ்டரு இருமலாச்சே."

குசும்லதா குடையை விரித்தார்.

"தப்பா அம்மா?" என்றாள் ஜுஹி. "மாஸ்டர் சொன்ன மாதிரியேதானே சொன்னேன்?"

ராம்பரி குடைக்குள் குனிந்து குசும்லதாவின் கையைப் பிடித்தாள். "குசும்லதா தீதி, கதை வாசிக்கும்னு போட்டுடுங்க. ஊரே கேட்டுச்சு."

"ஊரு கேட்டுச்சு, சரி. வாசிச்சது யாரு?"

ராம்பரிக்குத் தலைமயிர் சிலிர்த்தது. "அப்போ சர்க்கார் ஸ்கூல்தான் ஒசத்தியா?" என்றாள்.

"நான் அப்படிச் சொல்லல. அங்கயும் பாதிப் புள்ளைங்க எழுத்தோட நிக்குது. கூட்டிப் பாத்தா ரெண்டு பத்தியும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா அங்க தெரியாத புள்ள வாயை மூடிட்டு நிக்கும். நமக்கும் தெரிஞ்சுபோகும்." தனி எழுத்துகளைக் காட்டிக் கேட்டபின், சாமி பெயரைச் சொல்லி, ஜுஹிக்கு எழுத்து மட்டும் தெரியும் என்று குறித்துக்கொண்டு எழுந்தார்.

நாலு நாள் ராம்பரிக்கு உலையில் அரிசி போடக் கை வரவில்லை. மகள் கன்றுக்குட்டிக்கு வைக்கோல் போடும்போதும் 'பின்னாடி யாரு நிக்கிறது?' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் ராம்பரி அவளைக் கையோடு சர்க்கார் பள்ளிக்கு இழுத்துப் போய் இரண்டாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்காரவைத்தாள். ஜுஹி அழுதாள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் மயில்தான் வந்தது. தை பிறந்த பிறகு ஒருநாள், பாதி வரியில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லாமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது ராம்பரிக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறு வருடப் பனியில் குசும்லதா வந்தார். அட்டையில் இப்போது ஒரு ஆட்டின் கதை. ஜுஹி ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத்தடுமாறி இரண்டாம் வரியோடு நின்றாள். சொல் தெரியும் என்று குறித்தார்.

"போன வருஷம் மழையா கொட்டுச்சு, இப்ப ஓட்டுல சொட்டுதே" என்றாள் சுகியா.

ராம்பரி அவமானத்தை விழுங்கிக்கொண்டு படகுத்துறை வரை குசும்லதாவுடன் நடந்தாள். அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அடுத்த ஹோலிக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார்; அவர் ஆத்மா சாந்தியடையட்டும்.

"நான் பண்ணது சரியா தீதி? நல்லா வாசிச்சிட்டு இருந்தவளை நான்தான் கெடுத்துட்டேனோ?"

குசும்லதா படகில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"இன்னிக்கு நான் காதைத் தீட்டிக்கிட்டுதான் கேட்டேன் ராம்பரி. எல்லா இடத்துலயும் திக்கினா. ஒரு இடத்துலகூட இருமல. கோசித் தாய் சத்தியமா சொல்றேன், அந்தக் குரலுக்குள்ள உம்பொண்ணைத் தவிர வேற யாரும் இல்ல."